செண்பகா கேட்ட செடி

தொடக்கத்தில் யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனாலும் பன்னிரண்டு ஆண்டு கழித்து மூன்று பேருடைய நிம்மதி கெட்டது. முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

இலஞ்சியில் பூரணவல்லி என்றொரு ஆசிரியை. மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவள். அவள் வீட்டு வாசலில் ஒரு சைக்கட் செடி நின்றது. பார்வைக்குக் குட்டைப் பனை போலிருக்கும். ஆனால் பனை இனமே அல்ல. ஆண் செடி வேறு, பெண் செடி வேறாக வளர்ந்து, பல ஆண்டு கழித்துக் கூம்பு விடுகிற மிகப் பழைய வம்சம். தேங்காய் அளவுக் கிழங்காக, ஓர் இலைகூட இல்லாத நிலையில், ஆவுடையப்பனின் நர்சரியில் வாங்கியது. 'சாதா வகை' என்று சீட்டுக் கட்டியிருந்தது. வாசலுக்கு அழகாக இருக்கும் என்றுதான் அவளும் வைத்தாள்.

நட்ட பன்னிரண்டாம் ஆண்டு ஆனி மாதம் செடி முதன்முதலாகக் கூம்பு விட்டது, பெண் கூம்பு. சாதா வகையில் கூம்பு மஞ்சளாக வரும். இதுவோ சாம்பல் பூத்த நீலமாக, மெல்லிய பூனைமயிர் போர்த்தி வந்தது. சாதா வகைக்கும் அதன் அரிய வகை ஒன்றுக்கும் இலையில் வித்தியாசம் கிடையாது, கூம்புதான் காட்டிக்கொடுக்கும். பூரணவல்லி புத்தகங்களைப் புரட்டினாள். செதிலை அளந்து பார்த்தாள். சந்தேகம் தீர, மலைமேல் இருக்கும் தாவரத் தோட்டத்துக்குப் படம் அனுப்பினாள். அந்த அரிய வகையில் ஆண் செடி அங்கே ஒன்றே ஒன்று உண்டு.

தோட்டத்து அதிகாரி உடனே போன் செய்தார். "அருமையா வந்திருக்கும்மா. இது சொக்கநாதன் ஐயா வீட்டுச் செடிதானே? போன வாரம்தான் அவருக்கு மகரந்தம் அனுப்பினோம். எங்க ஆண் செடி ஆறு வருஷத்துக்கு ஒரு தடவைதான் கூம்பு விடுது. இருந்தது பூராவும் அந்தப் பொட்டலந்தான்."

பிறகு பேசுவதாகச் சொல்லிப் பூரணவல்லி போனை வைத்தாள்.

சொக்கநாதன் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். அவர் மகள் செண்பகா பூரணவல்லியிடம்தான் படித்தாள். பிறகு கல்லூரியில் சைக்கட் செடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போனாள். அந்த அரிய வகையைத் தேடி அலைந்து, கடைசியில் ஆவுடையப்பனிடம் சொல்லி வரவழைத்தாள். கிழங்கு வந்து சேர்வதற்குள் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். தகப்பனார் அதை வாங்கிவந்து அவள் அறைச் சன்னலுக்குக் கீழே நட்டார்.

பூரணவல்லி நேரே நர்சரிக்குப் போனாள். படத்தைப் பார்த்ததுமே ஆவுடையப்பனுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"உங்க கிழங்கும் செண்பகா கேட்ட கிழங்கும் ஒரே லோடுல வந்தது, டீச்சர். அன்னைக்குச் சாரல்ல ரெண்டு சீட்டும் நனைஞ்சு மசி ஓடிட்டு. குத்துமதிப்பா எழுதிக் கட்டினேன். மாறிப்போச்சு."

"அவர்கிட்ட எப்படிச் சொல்றது?"

"சொல்லிராதீங்க. அவர் செடியிலயும் கூம்பு முளை தட்டியிருக்கு. மகரந்தம் தூவ என்னத்தான் கூப்பிட்டிருக்காரு. அங்க மாவத் தூவிட்டுப் பொட்டலத்த உங்ககிட்ட கொண்டாந்துருதேன். விதைய அவர் செடியில வந்ததுன்னு குடுத்துருவோம். இனமும் பெருகும். மனுசனும் நிம்மதியா இருந்துட்டுப் போவாரு."

அவர் சொன்னதில் அவளுக்குச் சபலம் தட்டத்தான் செய்தது. அவள் செடியின் கூம்பு திறக்கத் தொடங்கியிருந்தது; செதில்கள் விலகி நிற்பது நாலைந்து நாள்தான். அவர் சொன்னபடியும் செய்யாமல் பேசாமல் இருந்தாலோ, அந்த மகரந்தப் பொடி தப்பான செடியில் வீணாகும். போதாததற்கு, கலப்பு விதைகள் அரிய வகையின் பேரில் ஊரெல்லாம் போகும். சொன்னாலோ, அந்த மனிதர் என்ன ஆவார்?

மறுநாள் காலை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு சொக்கநாதன் வீட்டுக்குப் போனாள். அவர் ஈரத்துணியால் இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். நடுவில் நிறுத்தினால் மேற்கொண்டு சொல்ல வராது என்று தெரியும்.

அவர் கோபப்படவில்லை. துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பன்னெண்டு வருசமா இதுகிட்ட பேசியிருக்கேன், டீச்சர். அவ பேரச் சொல்லித்தான் கூப்பிடுதேன்."

உள்ளே போய்ப் பிரிட்ஜிலிருந்து பொட்டலத்தை எடுத்துவந்தார். உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அவள் கை நீட்டியதும் விரல்களை மூடிக்கொண்டார்.

"இது செண்பகா செடிக்குன்னு வந்தது. அவ கேட்டது உங்க வாசல்ல நிக்கி. அவளுக்குன்னு நான் வளத்தது இங்க நிக்கி. செண்பகா செடி எதுன்னு நீங்களே சொல்லுங்க. அதுக்கே தூவிருவோம்."

இப்போது சொல்லுங்கள். பூரணவல்லி எந்தச் செடியைக் காட்டியிருக்க வேண்டும்? மறைக்கச் சொன்ன ஆவுடையப்பன், உடைத்துச் சொன்ன பூரணவல்லி, இதில் யார் செய்தது சரி?

விடை: அவர் கேட்டது ஒரு கேள்வி போலத் தோன்றினாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் இருந்தன. பூரணவல்லி அவற்றைப் பிரித்தாள். "செண்பகாவோட செடி இதுதான், ஐயா. அத யாரும் மாத்த முடியாது. ஆனா இந்தப் பொடி எந்த இனத்துக்கு வந்ததோ, அது என் வாசல்ல நிக்கி" என்றாள். அதுவே சரி. ஆவுடையப்பன் நினைத்ததிலும் இரக்கம் இருந்தது. ஆனால் மகளைப் பறிகொடுத்தவரை மகள் விஷயத்திலேயே ஏமாற்றுகிற இரக்கம் அது. சொக்கநாதன் அன்று மாலையே வந்து, தன் கையாலேயே மகரந்தத்தைத் தூவிவிட்டுப் போனார். மறு ஆண்டு விதைகள் முளைத்தன. முதல் கன்றைப் பூரணவல்லி அவரிடம் எடுத்துப்போனாள். அவர் வாங்கவில்லை. "இங்க இடம் இல்ல, டீச்சர்" என்றார். சன்னலடிச் செடிக்குப் பக்கத்தில் மதில் வரைக்கும் வெறும் தரைதான் கிடந்தது. சரியானதைச் செய்தவள் அந்தக் கன்றைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள்.