பெயிண்ட் உரிந்த ஜன்னல் கம்பி

முதலில் தப்பு செய்தது தெய்வசிகாமணி. எந்தப் பேச்சை எடுத்தாலும் சென்னியப்பன் இதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வார்த்தைக்குப் போவார்.

தெய்வசிகாமணி ஊர்ப் பால் சங்கத்தின் செயலாளர். சென்னியப்பன் அதே சங்கத்தில் பதினெட்டு வருடம் காவல்காரராக இருந்தவர். போன வருடம் சங்கத்து லேப்டாப்பில் நெட் நின்றுபோனது. அடுத்த கூட்டத்தில் தெய்வசிகாமணி எழுந்து, "அஞ்சாவது தாண்டாத ஆளைக் காவலுக்கு வெச்சா இப்படித்தான். நோண்டிக் கெடுத்துப்போட்டாரு" என்றார். அன்றைக்கே சென்னியப்பனிடமிருந்து சங்கத்துச் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். லேப்டாப் பழைய கேன்களோடு மூலைக்குப் போனது.

சென்னியப்பன் அதை நோண்டியதே இல்லை. தினமும் துண்டால் துடைத்து வைப்பார், அவ்வளவுதான்.

ஒரு வருடம் சங்கத்துக்கு நடையாய் நடந்தார். கடைசியில் சங்கத் தலைவர் மனமிரங்கினார். "வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குள்ள அதைச் சரிபண்ணிக் கொண்டாங்க. சாவி உங்களுக்குத்தான்."

லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு சென்னியப்பன் பெருந்துறைக்குப் பஸ் ஏறினார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் பூங்கோதை என்ற பெண் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். அவருடைய மகள் வயதுகூட இருக்காது.

"வெச்சுட்டுப் போங்கய்யா. நாளைக்குத் தர்றேன்."

"நீங்க சரிபண்ணினா, கடைக்காரம்மா செஞ்சதுன்னு அந்தச் செயலாளர் தெய்வசிகாமணி சொல்லிப்போடுவான். என் கையால செய்யோணும். கத்துக் குடுங்க, அம்மிணி."

"உங்களுக்கு வயசு?"

"அறுபத்தொண்ணு. தப்பு செஞ்சா தலையில குட்டுங்க."

பூங்கோதை சிரித்துவிட்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். "பேட்டரியைக் கழட்டுங்க. அப்புறம் அந்த ஜன்னல் கம்பியைத் தொடுங்க."

கம்பிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தது. ஓர் இடத்தில் மட்டும் பெயிண்ட் உரிந்து வெறும் இரும்பு பளபளத்தது. சென்னியப்பன் அதைத் தொட்டார்.

"இது எதுக்குங்க?"

"நம்ம உடம்புல கரண்டு ஏறிக்கிடக்கும். நமக்குத் தெரியாது. அதோட உள்ள இருக்கற கார்டைத் தொட்டா கார்டு செத்துப்போகும். கம்பியைத் தொட்டா கரண்டு இறங்கிடும்."

"எனக்குள்ள ஏறுன கரண்டு எல்லாம் அந்தத் தெய்வசிகாமணி..."

"கம்பியைத் தொடுங்க."

தொட்டார். லேப்டாப்பைக் கவிழ்த்து, திருகுகளைக் கழற்றி, சின்ன மூடியைத் தூக்கினார். உள்ளே நெட் பிடிக்கிற வைஃபை கார்டு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஒயர்கள் எதிலும் மாட்டாமல் கிடந்தன.

"இங்க இருந்த கார்டை யாரோ கழட்டியிருக்காங்க" என்றாள் பூங்கோதை.

சென்னியப்பனுக்கு முகம் சிவந்தது. "யாரோ இல்லீங்க! ராத்திரி லேப்டாப்பை வெச்சுப் பூட்டற மேசைச் சாவி தெய்வசிகாமணிகிட்டத்தான் இருந்துச்சு. அவனே கழட்டிப்போட்டு என் தலையில கட்டிட்டான்! கார்டே வேண்டாம். இப்படியே திறந்து கொண்டுபோய்க் கூட்டத்துல வைக்கறேன். ஊரே பாக்கட்டும்."

"கொண்டுபோங்க. காலி இடத்தைக் காட்டி என்ன சொல்லுவீங்க?"

"அவன் எடுத்தான்னு."

"அவர் என்ன சொல்லுவார்?"

லேப்டாப்பைத் துண்டில் சுற்றப் போன சென்னியப்பன் கையை எடுத்துக்கொண்டார்.

"எடுத்தது நீதான்னு எம்மேலயே திருப்புவான்."

பூங்கோதை ஒரு கார்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். தீப்பெட்டி அளவுப் பச்சைத் தகடு. ஓரத்தில் பொன்னிறப் பற்கள்.

சென்னியப்பன் எழுந்து போய்க் கம்பியைத் தொட்டுவிட்டு வந்தார். கார்டைக் காலி இடத்தில் படுக்க வைத்து, உள்ளங்கையால் அழுத்தப் போனார். பூங்கோதை அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பால் கேனுக்கு மூடி போடறீங்களா?"

"பதினெட்டு வருசப் பழக்கமுங்க."

"சாய்ச்சுப் பிடிங்க. பல்லு உள்ள போகட்டும். அப்புறம் மெதுவாப் படுக்க வைங்க."

இரண்டாவது முறை நழுவியது. மூன்றாவது முறை தெய்வசிகாமணியைத் திட்டிக்கொண்டே செருகினார், கோணலாகப் போனது. "கம்பி" என்றாள் பூங்கோதை. ஏழாவது முறை வாயே திறக்கவில்லை. கார்டு வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. ரவிக்கையின் டிச் பட்டனைப் போல ஒயர் முனைகளை வைத்து அழுத்தச் சொன்னாள். டிக். டிக். பேட்டரியை மாட்டி, கார்டுக்கு வேண்டிய மென்பொருளை ஏற்றவும் காட்டிக் கொடுத்தாள். திரையின் மூலையில் கடையின் வைஃபை வந்தது. சென்னியப்பன் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் கழட்டுங்க. திரும்பப் போடுங்க" என்றாள் பூங்கோதை.

அன்று மாலைக்குள் பத்துத் தடவை போட்டார்.

வெள்ளிக்கிழமை சங்கத்தில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். சென்னியப்பன் லேப்டாப்பைத் துண்டால் ஒருமுறை அழுத்தித் துடைத்து, மேசைமேல் வைத்துத் திறந்தார். திரை வந்தது. நெட் வரவில்லை.

"நாந்தான் சொன்னேனே" என்று தெய்வசிகாமணி தொடையில் தட்டிச் சிரித்தார். "பாலைக் கறக்கச் சொன்னா மாட்டையே கழட்டிப் பாக்கற ஆளு!"

கூட்டம் சிரித்தது. சென்னியப்பன் நாக்கு நுனிவரை வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். துரு ஏறிய கம்பியை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க, கம்பி எண்ணப் பழகறாரா?" என்றார் தெய்வசிகாமணி.

சென்னியப்பன் திரும்பி வந்தார். லேப்டாப்பைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தார். முன் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு வைஃபை சுவிட்ச், இடப்பக்கம் தள்ளிக் கிடந்தது. இப்போது துடைத்த துடைப்பில் அவருடைய துண்டுதான் அதைத் தள்ளியிருந்தது. வலப்பக்கம் தள்ளினார்.

நீல விளக்கு எரிந்தது. தலைவர் வைஃபை பாஸ்வேர்டை அடித்தார். ஒரு வருடமாகப் பார்க்காத சங்கத்தின் இணையப் பக்கம் மளமளவென்று திரையில் விரிந்தது.

"அட, அஞ்சாம் கிளாஸ் ஜெயிச்சுப்போடுச்சே!" என்று பாவாத்தாள் கத்தினாள். ஏழு எருமைக்காரி, அவள் குரலுக்குச் சங்கமே அதிரும். நாற்பது பேரும் கை தட்டினார்கள். தலைவர் எழுந்து நின்று சாவிக்கொத்தைச் சென்னியப்பன் கையில் கொடுத்தார்.

தெய்வசிகாமணி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "பழைய மிஷினு. எத்தனை நாளைக்கோ" என்று சொல்லிக்கொண்டே வெளியேறினார்.

மறுநாள் காலை சென்னியப்பன் ஒரு தூக்குப் பாலோடு பெருந்துறைக்கு வந்தார். சாவிக்கொத்து இடுப்பில் குலுங்கியது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பாவாத்தாள் கத்தியதை அவளைப் போலவே கத்திக் காட்டினார். பூங்கோதை வேலையை விட்டுவிட்டுச் சிரித்தாள்.

"சாவி வந்துடுச்சு. பேரு வந்துடுச்சு. ஆனா கார்டை நாந்தான் எடுத்தேன்னு அவன் வாயில ஒரு வார்த்தை வரலீங்க. அது எனக்கு வரவேண்டியது. அதை எப்படி வாங்கறது, வாத்தியாரம்மா?"

பூங்கோதை அலமாரியிலிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"தெய்வசிகாமணியோட பையன் குடுத்துட்டுப் போனான். போன வருசம் அவங்கப்பா எங்கிருந்தோ ஒரு கார்டு கொண்டாந்து போட்டாராம், ஒரு வருசமா நல்லா ஓடுச்சாம். இப்ப நெட் விட்டுவிட்டு வருதாம்."

சென்னியப்பன் லேப்டாப்பைப் பார்த்தார். பூங்கோதையைப் பார்த்தார். பிறகு திருப்புளியை எடுத்தார்.

"முதல்ல கம்பியைத் தொடுங்க" என்றாள் பூங்கோதை.