பலவேசம் அண்ணாச்சி போன் விற்ற கதை

“சாமி, மடத்துக்கு வந்து ரெண்டு வருசம் ஆச்சு. எனக்குக் காவி எப்பம் தருவீங்க?”

கேட்டவர் பலவேசம் அண்ணாச்சி. வயது அறுபத்து மூன்று. வள்ளியூரில் பெயிண்டும் இரும்புச் சாமானும் விற்கிற பெரிய கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, மலையடிவாரத்தில் இருந்த இந்தச் சின்ன மடத்துக்குச் சீடராக வந்தவர்.

குருவுக்கு நாற்பது வயதுதான். ஊற்றின் பக்கத்தில் குடியிருப்பதால் ஊற்றுச் சாமி என்று பெயர். அவர் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

சாமி வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சியின் இடுப்பு அலறியது. வேட்டி மடிப்பில் போன்.

“ஒரு நிமிசம் சாமி.”

அந்தப் பக்கம் மகன் இசக்கிராஜா. “அப்பா, ஓ.டி.பி. வந்திருக்கா?”

வரி கட்டவோ, சரக்கு எடுக்கவோ, எதற்கென்றாலும் அந்த ஆறு எண் அண்ணாச்சியின் போனுக்குத்தான் வரும். அண்ணாச்சி அதை இரண்டு தடவை வாசித்தார். அதே கையோடு, பிரைமர் பெயிண்டை யாரைக் கேட்டு அந்தக் கம்பெனியில் வாங்கினாய் என்று மகனுக்கு ஒரு அர்ச்சனையும் நடத்தினார்.

“பாத்தீங்களா சாமி? கண்ணை மூடி உக்காந்தா கூப்பிடுதான். ஒரு வாய் சோறு திங்க உக்காந்தா கூப்பிடுதான். முப்பத்தஞ்சு வயசாச்சு, அப்பன் இல்லாம ஒரு ஆணி விக்கத் தெரியல. நான் எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் வந்தேன். அவன்தான் என்னைய விட மாட்டேங்கான்!”

“போனை வித்துட்டு வாங்க, அண்ணாச்சி.”

“வித்துட்டா?”

“அது உங்களை விட்டுப் போற அன்னைக்குக் காவி.”

இவ்வளவுதானா! இதை இரண்டு வருடத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று அண்ணாச்சிக்கு ஆற்றாமையாக இருந்தது.

வாங்க ஆள் தயாராக இருந்தாள். மடத்து வாசலில் பூக்கட்டி விற்கும் பேச்சியம்மாள். அவள் மகள் நர்சிங் படிப்பில் சேர்ந்திருந்தாள், பாடமெல்லாம் போனில்தான் அனுப்புகிறார்களாம். விலைக்குப் பதில் மடத்துக்கு ஆறு மாதம் தினமும் ஒரு மாலை என்று பேசி முடித்தார்கள்.

அழுக்குச் சரக்கை அண்ணாச்சி வாழ்நாளில் விற்றதில்லை. சார்ஜர் செருகும் ஓட்டையை ஊக்கால் நோண்டினார். அதற்குள்ளிருந்து ஒரு நெற்றிக்குப் போதுமான திருநீறு வந்தது. பிறகு பின்பக்கத்தைப் பளபளவென்று ஆக்க, பழைய கடைப் புத்தி போகாமல், பெயிண்ட் கரைக்கிற தின்னரை ஊற்றித் துடைத்தார். நீலப் போன் தேமல் விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

“சவம்!” என்றார் அண்ணாச்சி.

மறுநாள் சாமி கேட்டார். “வித்தாச்சா?”

“நம்பரெல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டு இருக்கேன் சாமி.”

சாமி நோட்டை வாங்கிப் புரட்டினார். நாற்பது பக்கம்.

“காவி கட்டுன பொறவு லாரி டிரைவர் நம்பர் எதுக்கு?”

“கிடக்கட்டுமேன்னு.”

சாமி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

அதற்கு மறுநாளும் கேட்டார்.

“போட்டோவெல்லாம் அழிச்சிக்கிட்டு இருக்கேன். நாலாயிரம் கிடக்கு.”

“ஒவ்வொண்ணாவா?”

“பாத்துத்தானே சாமி அழிக்கணும்!”

“அண்ணாச்சி, நீங்க போனை விக்கிறீங்களா, பொண்ணை வழியனுப்புறீங்களா?”

அண்ணாச்சிக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே எல்லாவற்றையும் ஒரே அடியாக அழிக்க உட்கார்ந்தார். ‘அழித்தால் திரும்பக் கிடைக்காது. சம்மதமா?’ என்று போன் கேட்டது. மூன்று முறை கேட்டது. மூன்று முறையும் அவர் விரல் ‘வேண்டாம்’ மேல்தான் போய் விழுந்தது.

நான்காம் நாள் காலை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மனம் அப்போதுதான் கொஞ்சம் அடங்கி வந்தது. போன் அலறியது.

“அப்பா, ஓ.டி.பி...”

எண்ணைச் சொன்னார். போனை வைத்தார். அவ்வளவுதான், எங்கிருந்துதான் அந்த ஆங்காரம் வந்ததோ! சிம்மைப் பிடுங்கினார். போனின் ஓரத்தில் இருக்கிற இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினால் ஒரு கேள்வி கேட்காமல் மொத்தமும் காலியாகிவிடும் என்று ரிப்பேர் கடைக்காரன் எப்போதோ சொல்லியிருந்தான். அமுக்கினார். காலி.

நேரே வாசலுக்குப் போய்ப் பேச்சியம்மாள் கையில் கொடுத்துவிட்டு, பேசியபடி முதல் மாலையோடு சாமி முன்னால் நின்றார்.

“வித்துட்டேன் சாமி. உள்ளே ஒரு பொட்டு மிச்சமில்ல. தொடச்சுப் போட்டுட்டேன்.”

சாமி ஒரு நாள் பொறுத்துப் பார்த்தார். மறுநாள் கொடியிலிருந்து புதுக் காவி வேட்டியை எடுத்து மடித்தார். அண்ணாச்சி இரண்டு கையையும் நீட்டினார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

“நல்லா இருக்கு அண்ணாச்சி நியாயம்!”

வாசலில் பேச்சியம்மாள். கையில் அதே தேமல் போன்.

“என்ன பேச்சி?”

“சிம்மைப் போட்டா உள்ளேயே விட மாட்டேங்கு. எம்மவ நேத்துல இருந்து அதோட மல்லுக்கட்டுதா. எங்க யாரு பேரைப் போட்டாலும் ஒத்துக்கிட மாட்டேங்கு. பழைய சொந்தக்காரரு வரணுமாம், அவரு கடவுச்சொல்லைப் போடணுமாம்.”

“நான்தான் எல்லாத்தையும் அழிச்சுட்டேனே!”

“அழிச்சீங்க. ஆனா உங்களைத்தான் கேக்கு.”

“இனிமே அது உன் போனு. என்னைய எதுக்குக் கேக்கு?”

“அதை என்கிட்ட கேக்கீங்களே! ரிப்பேர் கடையில கேட்டேன். அழிக்கதுக்கு முன்னால போனுக்குள்ள இருக்க தன் கணக்குல இருந்து அண்ணாச்சி வெளிய வந்திருக்கணுமாம். வரலியாம். எம்மவ தலைகீழா நின்னாலும் ஒண்ணும் நடக்காதாம், அண்ணாச்சிதான் வெளிய வரணுமாம். அந்தப் பிள்ளையப் போயி நான் துப்பு இல்லாதவன்னு ஏசிப்புட்டேன்.”

அண்ணாச்சி சாமியைப் பார்த்தார். சாமி மடித்த வேட்டியை மறுபடி உதறி, மறுபடி மடித்தார்.

“போட்டுக் குடுங்க, அண்ணாச்சி.”

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடவுச்சொல்லை அடித்தார். தப்பு. இன்னொரு முறை. தப்பு. பற்களைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். கதவு திறந்தது. ரிப்பேர் கடையில் கேட்டு வந்ததைப் பேச்சியம்மாள் சொல்லச் சொல்ல உள்ளே போய், தன் கணக்கைத் தேடிப்பிடித்து எடுத்தார். போன் ஒரு தரம் அணைந்து, யாரென்றே தெரியாத மாதிரி அவருக்கு வணக்கம் சொன்னது.

பேச்சியம்மாள் அதை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனாள்.

“தொல்லை விட்டது. குடுங்க சாமி.”

சாமி வேட்டியை நீட்டினார். அண்ணாச்சியின் விரல் அதில் பட்டது. அந்த நேரம் பார்த்து அவர் இடுப்பில் மணி அடித்தது.

சாமியின் கண் அங்கே போனது.

“அது... சும்மா பட்டன் போனு சாமி. சிம்மை மட்டும் இதுல போட்டு வச்சிருக்கேன். பையன் கூப்பிடுவான்லா.”

“எடுங்க.”

எடுத்தார்.

“அப்பா, ஓ.டி.பி. வந்திருக்கா?”

வழக்கமாக வாயில் வருகிற திட்டு அன்றைக்கு வரவில்லை. அண்ணாச்சி போனைக் காதிலிருந்து எடுத்து அந்த ஆறு எண்ணைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“அப்பா? லைன்ல இருக்கீங்களா?”

“ஏலே ராஜா, இது ஏம்லே எனக்கு வருது?”

“என்னப்பா இப்பிடிக் கேக்கீங்க? லைசென்ஸு, பேங்க்கு, கரண்டு எல்லாம் உங்க பேர்லதான இருக்கு. மாத்தித் தாங்கன்னு பேப்பரை எடுத்துக்கிட்டு நானும் மூணு வாட்டி மடத்துக்கு வந்தேன். பொறவு பாத்துக்கிடலாம்னு திருப்பி அனுப்பிட்டீங்க.”

அண்ணாச்சி எண்ணை வாசித்தார், ஒரே தடவை. போனை வைத்தார்.

எழுந்து, வாசலில் கிடந்த செருப்பைக் காலால் தேடினார்.

“எங்க அண்ணாச்சி?” என்றார் சாமி. “காவி?”

“கையெழுத்தைப் போட்டுட்டு வந்து வாங்கிக்கிடுதேன் சாமி. பாவம், பையன் ரெண்டு வருசமா வெளிய நிக்கான்.”