தாளாளர் தந்த ஆதாரம்

அஞ்சுகம் என்று ஓர் ஆசிரியை இருந்தாள். வேலை தற்காலிகம், கொள்கை மட்டும் நிரந்தரம். பிள்ளைகள் ஒரு செய்தியை எழுதினால் அடுத்த வரியிலேயே அதற்கு ஆதாரம் எழுத வேண்டும். ஆதாரமில்லாத பத்திக்கு அவளிடம் மார்க் கிடையாது.

ஒருநாள் பள்ளித் தாளாளர் தணிகாசலம் வகுப்புக்குள் வந்தார்.

"நாளைக்கு அதிகாரி வர்றார். நம்ம பள்ளியில குடிதண்ணி தாராளமா வருதுன்னு எல்லாப் பிள்ளைகளும் எழுதியிருக்கணும். இல்லேன்னா உனக்கு வேலை இல்லம்மா."

வாசல் குழாய்க்கு மேலே 'உபயம்: தணிகாசலம்' என்று பளிங்குக் கல் பளபளத்தது. குழாய்க்குள்ளே சிலந்தி வலை பின்னியிருந்தது.

"எழுதச் சொல்றேங்க ஐயா. ஆதாரத்துக்கு என்ன போடட்டும்?"

"நானே சொல்றேனே, அது போதாதா?"

"தாராளமாப் போதும் ஐயா."

மறுநாள் அதிகாரி நோட்டுகளை வாசித்தார். நாற்பது நோட்டிலும் ஒரே பத்தி: 'எங்கள் பள்ளியில் குடிநீர் தாராளமாக வருகிறது. இதற்கு ஆதாரம், தாளாளர் ஐயா சொன்னார்.'

அதிகாரி நோட்டை மூடினார். "வாசிச்சுத் தொண்டை காஞ்சுபோச்சு. அந்தக் குழாயில ஒரு டம்ளர் தண்ணி பிடிங்க."

தாளாளர் முறைத்தார். அஞ்சுகம் டம்ளரைப் பணிவாக அவர் கையிலேயே கொடுத்தாள்.

"நீங்களே பிடிங்க ஐயா. நீங்க சொன்னாப் போதும், வந்துடும்."