தீக்குள் வாய் மூடிய ஆலா

அந்தக் காலத்தில் இரும்புக்கும் வாய் இருந்தது. கிணற்றுச் சகடை முனகும், கலப்பைக் கொழு திட்டும். விண்ணுக்குப் போகும் கலங்களைச் சொல்லவே வேண்டாம், ஓயாத பேச்சு.

அப்போதெல்லாம் ஒரு கலம் ஒரு தடவைதான் போகும். சுமையை மேலே ஏற்றிவிட்டதும் கடலில் விழுந்து செத்துப்போகும். ஆலா ஒருத்திதான் அப்படி இல்லை. கடல்மேல் சுற்றிவிட்டுக் கரைக்கே திரும்பும் ஆலாப் பறவையின் பெயரை அவளுக்கு வைத்திருந்தார்கள். ஆளையும் மூட்டையையும் சுமந்து போவாள், பூமியைச் சுற்றிவரும் வீட்டில் இறக்குவாள், அங்கிருந்து ஏற்றிக்கொண்டு நெருப்பைக் கிழித்துத் திரும்புவாள். தேரிக்காட்டுச் செம்மணலில் வந்து அமர்ந்ததும் புலம்பல் ஆரம்பித்துவிடும். இங்கே எரியுது, அங்கே குத்துது. அவளைப் பராமரித்த இசக்கியம்மாள் தீ உள்ளே புகாமலிருக்க வயிற்றில் பதித்த ஓடுகளைத் தடவிப் பார்த்து, வெடித்ததைக் கழற்றி மாற்றுவாள். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் புலம்பல்தான் ஆலாவைக் காப்பாற்றி வந்தது.

ஒரு தடவை இசக்கியின் புருஷன் சுடலைமணி போகும் முறை வந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கிளம்புகிற நேரத்தில் நம் ஆட்களைத் தெரியாதா? 'போறேன்' என்று சொல்லவே விடமாட்டார்கள், 'போயிட்டு வாரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். யாராவது தும்மிவிட்டால் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். தேங்காய் உடைத்தாயிற்று. சுடலைமணி தனியாளாக ஏறி உட்கார்ந்தான். கதவைச் சாத்தினார்கள். அப்போது பார்த்து ஆலா வாயைத் திறந்தாள்.

"யக்கா, இடது இறக்கைக்கு அடியில ஒரு ஓடு..."

கிளம்புகிற நேரத்தில் இதென்ன அபசகுனப் பேச்சு என்று இசக்கி பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"ஏட்டி, எம் புருசனைக் கொண்டுவந்து இறக்குற வரைக்கும் நீ நல்ல வார்த்தை மட்டுந்தான் பேசணும். எம்மேல சத்தியம் பண்ணு."

தன்னைப் பார்த்துக்கொண்ட கையாயிற்றே, ஆலா மறுக்கவில்லை. சத்தியம் பண்ணினாள்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. மேலே போய்ச் சேர்ந்ததும், அவரு நல்லா சாப்பிடுதாரு, நல்லா உறங்குதாரு என்று தினமும் சேதி சொன்னாள். இசக்கிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திரும்பும் நாளும் வந்தது. பூமியின் காற்றுக்குள் நுழைந்ததும் ஆலாவைச் சுற்றித் தீ மூண்டது. கீழே நின்று இசக்கி கூப்பிட்டாள். பதில் இல்லை. தொண்டை வற்றும்வரை கூப்பிட்டாள்.

ஆலா வந்து இறங்கினாள். இடது இறக்கைக்கு அடியில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை, அதன் வழியே தீ உள்ளே புகுந்திருந்தது. மேலிருந்து கொண்டுவந்து வலப்பக்கம் வைத்த மூட்டைகள் கட்டு அவிழாமல் இருந்தன. சுடலைமணி உட்கார்ந்திருந்த இடத்தில் சாம்பல்தான் கிடந்தது.

இசக்கி மணலில் விழுந்து புரண்டாள். அத்தனை கூப்பிட்டேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா பாவி என்று கேட்டு ஆலாவை அறைந்தாள்.

"சத்தியம் பண்ணியிருந்தேனே யக்கா. அங்க சொல்றதுக்கு நல்ல வார்த்தை ஒண்ணும் இல்ல."

அதற்குப் பிறகு ஆலா பேசவே இல்லை.

அன்று முதல்தான், விண்ணிலிருந்து திரும்பும் கலம் எதுவானாலும் தீக்குள் நுழைந்ததும் வாயை மூடிக்கொள்கிறது; அது வெளியே வரும்வரை கீழே இருப்பவர்கள் கூப்பிட்டுக்கொண்டே நிற்கிறார்கள்.