ஏழு பிள்ளைகள் வளர்ந்த தொட்டில்

ஆற்றங்கரை மண்டபத்தில் குரு அரிசி களைந்துகொண்டிருந்தார். செங்கோடன் தலையில் ஒரு மரத்தொட்டிலைச் சுமந்துகொண்டு வந்தான். பின்னால் அவன் மனைவி பாவாயி, தோளில் கைக்குழந்தையோடு வந்தாள்.

குரு அவனைவிட வயதில் இளையவர். அவன் அவரை அம்மா என்பான். அவர் அவனை அண்ணா என்பார். இருவருக்கும் அது பழகிப்போயிருந்தது.

“இதுக்குத் திருநீறு பூசிக் குடுங்கம்மா.”

“தொட்டிலுக்கா?”

“தொட்டிலுக்குத்தான். அப்படியே இவளுக்கும் கொஞ்சம் புத்தி சொல்லுங்க.”

பாவாயி தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். “புத்தி யாருக்கு வேணும்னு அம்மாவே பாக்கட்டும்.”

செங்கோடன் நெசவாளி. அவன் தறியில் இறங்கினால் பக்கத்தில் அவள் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தொட்டில் கயிற்றைத் தறியின் மிதிகட்டையில் கட்டிவிடுவார்கள். மிதிக்க மிதிக்கத் தொட்டில் ஆடும். தறி ஓடும்வரை பிள்ளை தூங்கும்.

“தூளி கட்டினா ஆகாதா?” என்றார் குரு.

“தூளியைக் கயிறு கட்டி இழுத்தா முறுக்கிக்குதும்மா. இதுக்கு வளைஞ்ச கால். தொட்டாலே ஆடும். எங்க பெரியம்மா வீட்ல சும்மா கிடந்துச்சு. ஏழு பிள்ளைங்க வளர்ந்த தொட்டில். ராசியானது.”

பாவாயி எழுந்து வந்தாள். தொட்டிலின் பக்கவாட்டுக் கம்புகளுக்கு நடுவே கையை மடக்கி நுழைத்தாள். முழங்கைவரை போயிற்று.

“பிள்ளை இன்னும் கொஞ்ச நாள்ல நகர ஆரம்பிச்சிரும். இதுல கால் போகும். இடுப்பு போகும். தலை போகாதும்மா, மாட்டிக்கும்.”



வீட்டுக்கு வந்த தொட்டிலில் பிள்ளையைப் போடும் முன் அம்மிக்குழவியைக் கிடத்தி ஆட்டுவார்கள். செங்கோடன் அதைச் சொன்னான். “கல்லைப் போட்டு நல்லா ஆட்டிப் பாத்துட்டேன். ஒரு ஆணி அசையலே.”

“கல்லு பொரண்டு படுக்குமா? கல்லு எட்டிப் பாக்குமா?” என்றாள் பாவாயி.

“எல்லாத்துக்கும் பயந்தா அடுப்பைக்கூடப் பத்த வெக்க முடியாது. நீ பத்த வெக்கறதில்லையா?”

“உங்களுக்குச் சோறு வேணுமே.”

குரு சிரித்துவிட்டார். செங்கோடன் சிரிக்கவில்லை.

“தீபாவளிச் சேலையெல்லாம் தறியில கிடக்குதும்மா. பிள்ளை அழுதா இவ எந்திரிக்கறா. இவ எந்திரிச்சா தார் இல்லே. தார் இல்லேன்னா நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். பயம் பெருசா, நம்பிக்கை பெருசா? நீங்களே சொல்லுங்க.”

குரு அரிசித் தண்ணீரைச் செடியில் ஊற்றினார்.

“தொட்டில் இங்கேயே இருக்கட்டும். பிள்ளை தவறிப்போன தொட்டில்னு எங்கயாவது ஒண்ணு இருக்கும். கேட்டு வாங்கிட்டு வாங்கண்ணா. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்துச் சொல்றேன்.”

பாவாயி குழந்தையின் காதைப் பொத்தினாள்.

செங்கோடன் நூல் வாங்கப் போகும் ஊர்களிலெல்லாம் விசாரித்தான். முதலில் கேட்ட வீட்டில், தொட்டிலை அன்றைக்கே எரித்துவிட்டோம் என்றார்கள். இன்னொரு வீட்டில் ஒருவர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“அதை ஆத்தோட விட்டாச்சு. உனக்கு எதுக்கு? மந்திரவாதம் ஏதாச்சும் கத்துக்கறியா?”

“இல்லீங்க.”

“மூஞ்சியைப் பாத்தா அதுக்கும் லாயக்கில்லே.”

அடுத்த ஊரில் ஒரு பெண் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் கேட்டதைச் சொன்னதும், “உங்களுக்கு என்ன பிள்ளை?” என்றாள். பொண்ணு என்றான். சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை.

அவள் கணவன் வாசலுக்கு வந்தான். அவனும் நெசவாளிதான். வேட்டியெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது.

“உங்க தொட்டில் எப்படி?” என்று கேட்டான்.

“ராசியானது. ஏழு பிள்ளைங்க வளர்ந்தது.”

“எங்களுதும் அப்படித்தான் வந்துச்சு” என்றான் அவன். “எங்களுது ஒம்பது.”

செங்கோடன் அதற்கு மேல் எந்த ஊருக்கும் போகவில்லை.

அவன் மண்டபத்துக்கு வந்தபோது பாவாயி ஏற்கெனவே அங்கே இருந்தாள். குழந்தை அவள் மடியில் விழித்துக்கொண்டு கிடந்தது.

“கிடைச்சுதா?” என்றார் குரு.

“இல்லைம்மா. ஒருத்தரும் வெச்சிருக்கலே. எரிச்சிருக்காங்க, இல்லேன்னா ஆத்துல விட்டிருக்காங்க. அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேங்கறாங்க.”

“அப்ப ஊர்ல மிச்சம் இருக்கறதெல்லாம் ராசியான தொட்டில்தான்.”

செங்கோடன் தொட்டிலைப் பார்த்தான். வார்னிஷ் போயிருந்தாலும் நல்ல மரம். விரலால் தொட்டான். அது ஆடியது. சத்தமில்லாமல், அழகாக ஆடியது.

“எல்லாருக்குமா அப்படி ஆகுது?” என்றான். “என் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாமயும் போகலாமில்லீங்களா?”

“போகலாம்.”

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

“அப்புறம் யாராவது வந்து கேப்பாங்க” என்றார் குரு. “எட்டுப் பிள்ளைங்க வளர்ந்ததுன்னு சொல்லிக் குடுப்பீங்க.”

பாவாயி அவனைப் பார்க்கவில்லை. குழந்தையின் கால் கொலுசைத் திருகிக்கொண்டிருந்தாள். அவளுடைய தங்கைக்கு மார்கழியில் பிரசவம். தொட்டில் அடுத்தது எங்களுக்குத்தான் என்று அவர்கள் முன்னமே சொல்லி வைத்திருந்தார்கள்.

செங்கோடன் தொட்டிலின் ஆட்டத்தைக் கையால் நிறுத்திவிட்டுக் கேட்டான். “ஆத்துல விட்டுரட்டுங்களா?”

“விடலாம். கீழே எந்த ஊர்லயாவது கரை ஒதுங்கும். நல்ல மரம்.”

மண்டபத்துக்குப் பின்னால் விறகு பிளக்கும் கோடாலி கிடந்தது. அவன் போய் எடுத்துவந்தான். வளைந்த கால்கள் முதலில் பிளந்தன. கம்புகளை ஒவ்வொன்றாக உருவிப் போட்டான். பாவாயி முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டாள், சிராய் தெறிக்காமல்.

சத்தத்தில் குழந்தை வீறிட்டது. பாவாயி தோளில் போட்டுத் தட்டினாள். நிற்கவில்லை. எழுந்து நடந்தாள். மண்டபத்தின் ஒரு முனைக்கும் மறுமுனைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். இரண்டு கைகளும் குழந்தையின் மேல் இருந்தன.

செங்கோடன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். கோடாலியைக் கீழே வைத்தான்.

“தறி நின்னு போயிருமேம்மா” என்றான்.

“நிக்கும்” என்றார் குரு.