கண்ணை மூடி எறிந்த வட்டு

பூபாலசிங்க மகாராஜாவுக்கு வட்டெறியும் பைத்தியம் பிடித்திருந்தது. மரத்தில் கடைந்த தட்டை வட்டைத் தூரத்தில் இருக்கும் கூடைக்குள் வீச வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் ராஜா ஆடினால் அது சும்மா ஆட்டமா? கண்ணை இறுக மூடி வட்டை எறிந்துவிட்டு, மூடியபடியே குலதெய்வத்தைக் கும்பிடுவார். முரசு முழங்கும், கண்ணைத் திறப்பார். வட்டு கூடைக்குள் இருக்கும்! ஒருநாளும் தப்பியதில்லை.

"இவ்வளவு சுலபமான ஆட்டத்தை ஜனங்களும் ஆடட்டுமே" என்று பெரிய மனது பண்ணினார். தளவாய் திருமேனி ஒன்பது கூடைகளோடு புதியவர்களுக்கென்றே ஒரு மைதானம் போட்டார். ராஜாவின் ஆட்டத்தில் நிற்கும் அதே சேவகர்கள்தான் இங்கேயும் ஆளுக்கொரு கூடையைத் தலையில் தாங்கி நின்றார்கள். முதல் கூடையே அறுபது அடி தள்ளி, முள்வேலிக்கு அந்தப் பக்கம்!

முதல் ஆளாக நெசவாளி செங்கோடனைப் பிடித்து வந்தார்கள். மூன்று முறை எறிந்தான். மூன்றும் முள்ளில்.

"ராஜா ஆட்டத்தை அவமதித்தான்! பன்னிரண்டு கசையடி!" என்றார் தளவாய்.

செங்கோடன் காலில் விழுந்தான். "முதுகு போனா தறியில உட்கார முடியாதுங்க. வீட்டுல அஞ்சு வயிறு இருக்குங்க."

ராஜா கொஞ்சம் யோசித்து, தம் சபைப் புலவர் வாஞ்சிலிங்கத்தைக் கூப்பிட்டார். "மைதானத்தைச் சோதித்துச் சொல்லும். புதியவனுக்கு ஏற்றதென்றால் இவனுக்கு அடி உண்டு."

"குழந்தைகூட ஆடலாம், புலவரே" என்று தளவாய் மீசையை முறுக்கினார்.

வாஞ்சிலிங்கம் மைதானத்தைச் சுற்றி வந்தார். முள்வேலியைப் பார்த்தார். கூடைக்காரர்களின் கால்களை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார். ஒவ்வொருவனும் ஓட்டப்பந்தயக்காரன் மாதிரி இருந்தான்!

"மன்னா, தூரத்தைச் சரியாக அளக்க வேண்டும். சேவகர்களைச் சுற்றிச் சுண்ணாம்பு வட்டம் போடுகிறேன். யாரும் வட்டத்தைத் தாண்டக்கூடாது என்று கட்டளையிடுங்கள். பிறகு தாங்களே ஒரு வட்டு எறிந்து காட்டுங்கள்."

"இவ்வளவுதானா?" ராஜா கட்டளையிட்டார்.

தளவாய் குறுக்கே ஓடி வந்தார். "மகாராஜா, இன்று காற்று சரியில்லை..."

"என் கைக்குக் காற்று ஒரு பொருட்டா?" ராஜா கண்ணை மூடினார். வீசினார். கும்பிட்டார்.

கூடைக்காரன் வட்டத்துக்குள் தவித்தான். வட்டு அவனை விட்டு வெகுதூரம் விலகிப் பறந்து, தளவாயின் தலைப்பாகையைத் தட்டிவிட்டு முள்ளில் விழுந்தது. முரசு முழங்கவில்லை.

ராஜா கண்ணைத் திறந்தார். வெறும் கூடை!

"புலவரே, இது என்ன?"

"பரிசோதனை முடிந்தது, மன்னா. மைதானம் பிரமாதம். ஆனால் இங்கே ஆட்டம் கற்றுக்கொண்டது கூடைகள் மட்டும்தான். நீங்கள் கும்பிடும்போதெல்லாம் வட்டைத் தேடி அவைதான் ஓடியிருக்கின்றன."

ராஜாவின் முகம் சிவந்தது. "அப்படியானால் இந்த நெசவாளி செய்த குற்றம்தான் என்ன?"

"கண்ணைத் திறந்துகொண்டு எறிந்துவிட்டான், மன்னா!"

ராஜா பல்லைக் கடித்தார். அப்புறம் அடக்க முடியாமல் வயிறு குலுங்கச் சிரித்தார். செங்கோடனுக்குப் பட்டு நூல் இரண்டு பொதி, வாஞ்சிலிங்கத்துக்குக் கையில் அணியத் தங்கத் தோடா.

தளவாய்க்கும் ஒரு பதவி கிடைத்தது. அன்று முதல் ராஜா வட்டெறியும் முதல் கூடையை அவர்தான் தலையில் சுமக்க வேண்டும், வட்டத்தைத் தாண்டாமல்.