வெள்ளையம்மா சுமந்த கல்லு

ஒரு மலைச்சரிவுல வெள்ளையம்மான்னு ஒரு கரடி இருந்தா. பேருதான் வெள்ளையம்மா. ஆளு அடுப்புக்கரி நிறம். அவளுக்கு ஒரே பொண்ணு, மொச்சை.

கரடிங்க வழக்கப்படி மொச்சை தரையில நடக்கிறதே இல்ல. அம்மா முதுகுதான் அவளுக்கு வீடு, வாசல், வண்டி எல்லாம்.

சில நேரம் அந்த முதுகுதான் கக்கூசும்!

சிரிக்காதீங்க. நம்மளையும் ஒருத்தி இப்படித்தான் சுமந்தா. நம்ம ஈரத்தையும் ஒரு சேலை குடிச்சுது. நமக்கு ஞாபகம் இல்ல, அவ்வளவுதான்.

"இது சரிப்பட்டு வராது"ன்னு வெள்ளையம்மா ஒருநாள் முடிவு பண்ணினா. குகைக்குப் பின்னாடி ஒரு தட்டைக் கல்லு கிடந்துச்சு. எந்திரிச்சதும் மொச்சையை அந்தக் கல்லுல உக்கார வைப்பா. பால் குடிச்சதும் உக்கார வைப்பா. தூங்கப் போறதுக்கு முன்னாடியும் கல்லுதான். "உஸ்ஸ்ஸ்... உஸ்ஸ்ஸ்..."ன்னு இவ சத்தம் குடுத்துக் குடுத்து, பக்கத்துப் புதர்ல இருந்த பாம்பு யாரோ சொந்தக்காரங்க வந்துட்டாங்கன்னு எட்டிப் பாத்துச்சாம்!

இருபது நாள்ல மொச்சை கத்துக்கிட்டா. "அம்மா, வருது!"ன்னு கத்துவா. அம்மா தூக்கிட்டு ஓடுவா. கல்லுல உக்காந்தா வேலை முடிஞ்சுது.

வெள்ளையம்மாவுக்குப் பெருமை தாங்கல. ஆனா பெருமை வயித்தை ரொப்புமா? பொண்ணு கத்துக்கிற வரைக்கும் அவ எங்கயும் போகல. குகையைச் சுத்தி இருந்த கிழங்கையே தோண்டித் தின்னா. விலா எலும்பு தெரிஞ்சுது. பாலும் குறைஞ்சுபோச்சு. மொச்சை பாதி வயித்தோட எந்திரிச்சு, "இன்னும்?"னு கேப்பா. அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்கு முள்ளு மாதிரி குத்தும்.

அப்பதான் முத மழை பெஞ்சுது.

மறுநாள் காலையில முள்ளம்பன்றி செவந்தி சலசலன்னு முள்ளை ஆட்டிக்கிட்டு வந்தா. வெள்ளையம்மாவோட சிநேகிதி.

"அக்கா, கிளம்பு! இன்னைக்குப் பொழுது சாயுறப்போ பெரிய புத்துல ஈசல் கிளம்பப் போவுது. ஈசல் தின்னா நாலே நாள்ல பால் ஊறும்!"

"பிள்ளையை வச்சுக்கிட்டு எப்படிடி வர்றது? புத்துச் சட்டம் தெரியுமில்ல?"

தெரியாம என்ன! காடு முழுக்கத் தெரிஞ்ச சட்டம் அது. புத்து வாசல்ல யாராச்சும் அசிங்கம் பண்ணினா நாத்தத்துக்கு ஈசல் வெளிய வராது. பண்ணினவங்க குடும்பத்தோட எட்டப் போயிடணும். அடுத்த வருஷம்தான் வரலாம். போன வருஷம் காட்டுப்பன்னி கொம்பையாவோட பிள்ளை ஒண்ணு அப்படிப் பண்ணிடுச்சு. மேல மண்ணைத் தள்ளி மூடி, ராத்திரிக்கு மேலதான் கொஞ்சமா ஈசல் வந்துச்சு. கொம்பையா குடும்பம் தூர நின்னு எச்சில் முழுங்குச்சு.

மேல மரத்துல இருந்து ஒரு குரல்.

"ஹே ஹே ஹே! இதுக்கா யோசனை? புள்ளைக்குத் தண்ணி காட்டாத! உள்ள போனாத்தானே வெளிய வரும்?"

குரங்கு தாண்டவன். கேக்காமலே யோசனை சொல்றதுல அவன் பெரிய கில்லாடி. அவன் பாடு சுலபம். மேல இருந்து விட்டுடுவான், கீழ இருக்கிறவன் தலையெழுத்து!

வெள்ளையம்மா அந்தப் பேச்சைக் கேட்டா. தண்ணியே காட்டல. கிளம்புறப்போ கல்லுல உக்கார வச்சா.

"வருதா?"

"வரல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"வரவே வரல!"

கிளம்பினாங்க. ஓடை வந்துச்சு. தண்ணியைப் பாத்ததும் மொச்சை நாக்கை நீட்டி அழுதா. உதடு காஞ்சு வெடிச்சிருந்துச்சு. பெத்த மனசு தாங்குமா? இறக்கி விட்டா. மொச்சை காலையிலிருந்து குடிக்காததையெல்லாம் சேத்துக் குடிச்சா. வயிறு மத்தளம் ஆயிடுச்சு.

பத்து அடி போகல.

"அம்மா, வருது!"

இறக்கி விட்டா. மொச்சை சுத்திச் சுத்திப் பாத்தா.

"நம்ம கல்லு எங்க?"

"கல்லு வீட்ல இருக்கு. இங்கயே போ கண்ணு."

"கல்லு இல்லாம வராது."

தூக்கிக்கிட்டா. நாலு அடி.

"அம்மா, வருது!"

இறக்கினா. "கல்லு இல்லையே! வரல."

தாண்டவன் சும்மா இருப்பானா? கிளைக்குக் கிளை தாவிக்கிட்டே, "அம்மா, வருது! அம்மா, வரல! அம்மா, வருது! அம்மா, வரல!"ன்னு மொச்சை குரல்லயே பாடினான். கிளியெல்லாம் கூடச் சேந்து பாடுச்சு.

வெள்ளையம்மாவுக்கு மானம் போச்சு. "காடே சிரிக்குதுடி! இனிமே சத்தம் போட்ட, தெரியும் சேதி! வாயை மூடிக்கிட்டு வா!"

மொச்சை வாயை மூடிக்கிட்டா.

கொஞ்ச தூரம் ரொம்ப அமைதியா போச்சு. "பாத்தியா, ஒரு அதட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்"னு வெள்ளையம்மா செவந்திகிட்டச் சொல்லி வாய் மூடல, முதுகுல வெதுவெதுன்னு ஏதோ இறங்குச்சு. கழுத்துல இறங்கி, காது வழியா சொட்டுச்சு.

"அடியே! ஏன்டி சொல்லல?"

"நீதானே அம்மா வாயை மூடச் சொன்ன..."

வெள்ளையம்மா நெத்தியில அடிச்சுக்கிட்டா. இருபது நாள் பாடுபட்டு வாயைத் திறக்கக் கத்துக்குடுத்தா. ஒரே அதட்டுல அவளே மூடி வச்சுட்டா.

"சரி. பொண்ணு மேல தப்பு இல்ல. கல்லுதானே வேணும்? எடுத்துட்டு வர்றேன்!"

"கல்லையா?"ன்னா செவந்தி.

"கல்லைத்தான்!"

திரும்பி குகைக்கே போனா. கல்லைத் தூக்கித் தலையில வச்சா. முதுகுல பொண்ணு, தலையில கக்கூஸ். இப்படி ஒரு ஊர்வலத்தை அந்தக் காடு பாத்ததே இல்ல. தாண்டவன் சிரிச்ச சிரிப்புல கையில இருந்த பழம் நழுவி விழுந்துடுச்சு.

மழை பெஞ்ச சரிவு. களிமண்ணு வழுவழுன்னு கிடந்துச்சு. வெள்ளையம்மா கால் சறுக்குச்சு. கல்லு தடதடதடன்னு உருண்டு பள்ளத்துக்குள்ள போய் விழுந்துச்சு. அவ ரெண்டு காலையும் நீட்டி, பொத்துன்னு சேத்துல உக்காந்துட்டா. நல்லவேளை, மொச்சை தோள்ல தொத்திக்கிட்டா.

பொழுது மேற்க இறங்கிக்கிட்டு இருந்துச்சு.

"செவந்தி, நீ போடி. எனக்கு இந்த வருஷம் ஈசல் இல்ல"ன்னா வெள்ளையம்மா. அழுதா. கரடி அழுதா மூக்கும் சேந்து ஒழுகும், பாக்கவே பாவமா இருக்கும்.

மொச்சை தோள்ல இருந்து மெதுவா இறங்குனா. அம்மா முகத்தைப் பாத்தா. நீட்டியிருந்த காலைப் பாத்தா. ரெண்டு பாதத்துக்கும் நடுவுல போய், இங்க ஒரு பாதம், அங்க ஒரு பாதம்னு நல்லா பொருத்தி உக்காந்தா.

"அம்மா! இதுவும் நம்ம கல்லு மாதிரிதான் இருக்கு. ஆனா இது சூடா இருக்கு!"

வெள்ளையம்மா மூச்சே விடல. மெதுவா, "உஸ்ஸ்ஸ்..."ன்னா.

வந்துச்சு!

செவந்தி குதிச்ச குதியில ரெண்டு முள்ளு உதிர்ந்துச்சு. வெள்ளையம்மா அழுத மூக்கோடயே சிரிச்சா. "இந்தக் காலை வச்சுக்கிட்டா நான் கல்லைத் தேடிப் போனேன்!" செவந்தி மண்ணைப் பறிச்சு மூடினா.

அதுக்கப்புறம் அவங்க போன அழகே வேற. பொண்ணு கேக்குறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு வளைவுலயும் நின்னாங்க. அம்மா காலை நீட்டுவா, மொச்சை உக்காருவா. வந்தா வந்துச்சு, வராட்டி அடுத்த வளைவு. தாகம் எடுத்தா தண்ணியும் குடுத்தா. ஒரு இடத்துல மறைவே இல்ல. ஒரு முயல் வளையில இருந்து தலையை நீட்டி, "இந்தப் புதர்ல ஒதுங்கிக்கோங்கம்மா. எனக்கும் ஆறு குட்டிங்க இருக்கு!"ன்னுச்சு. வெள்ளையம்மா அந்த முயலைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டா.

பெரிய புத்துக்கு வந்து சேர்றப்போ வானம் செவந்திருந்துச்சு. கீரி, நரி, உடும்பு, மயில் எல்லாம் வரிசையா நின்னுச்சுங்க. முன்னால கொம்பையா. போன வருஷம் வெளிய நின்னவன் இல்லையா, இந்த வருஷம் சட்டத்தை அவன்தான் கையில எடுத்திருந்தான்.

"க்ர்ர்! புள்ளையோட வந்தவங்க புள்ளையைப் பத்திரமா பாத்துக்குங்க! இடத்தை விட்டு நகந்தா இடம் போச்சு! க்ர்ர்!"

"உன் பிள்ளை?"ன்னு கேட்டா செவந்தி.

"என் புள்ளை வாயே திறக்காது!"

அவன் காலுக்கடியில புத்து வாசலுக்குப் பக்கத்துல ஒரு கடைக்குட்டி நின்னுச்சு. வாயே திறக்கல.

புத்துல ஓட்டை விழ ஆரம்பிச்சுது. எல்லாரும் மூச்சை அடக்கினாங்க. வெள்ளையம்மா நாக்குல எச்சில் ஊறுச்சு.

"அம்மா, வருது!"

காடே திரும்பிப் பாத்துச்சு. "ஹே ஹே!"ன்னான் தாண்டவன் மேல இருந்து.

வெள்ளையம்மா புத்தைப் பாத்தா. பொண்ணைப் பாத்தா. இருபது நாள் பசி இந்தப் பக்கம், ஒரு வார்த்தை அந்தப் பக்கம்.

"வாய்விட்டுச் சொன்னியே, என் தங்கம்!"னு பொண்ணைத் தூக்கினா.

"இடம் போச்சு!"ன்னு கத்தினான் கொம்பையா.

"எங்க, யாராச்சும் வந்து நில்லுங்க பாப்போம்!"னு செவந்தி அந்த இடத்துல முள்ளை விரிச்சு நின்னா. யாருக்கு ஆசை இருக்கும்?

அப்போ மொச்சை தோள்ல இருந்து கையை நீட்டினா. "அம்மா, அந்தத் தம்பிக்கும் வருது!"

கடைக்குட்டிப் பன்னி பின்னங்கால் ரெண்டையும் பின்னிக்கிட்டு நின்னுச்சு. கண்ணு பிதுங்குச்சு. வாலு முறுக்கிக்கிட்டுச்சு. ஒரு நொடி தாமதிச்சாலும் புத்து வாசல்லயே ஆயிடும், எல்லார் விருந்தும் போயிடும்.

"ஏன் சாமி சொல்லல?"ன்னா வெள்ளையம்மா.

"அப்பா... வாயைத் திறந்தா... தொலைச்சுடுவேன்னுச்சு..."

வெள்ளையம்மாவுக்குச் சுருக்குன்னுச்சு. காலையில அவ சொன்ன அதே பேச்சு! குட்டியை வாயில கவ்வினா. ஓட்டம் பிடிச்சா.

"ஐயோ, என் புள்ளையைத் தூக்கிட்டுப் போறா!"ன்னு கொம்பையா பின்னாலயே ஓடினான்.

பாறைக்குப் பின்னாடி வெள்ளையம்மா காலை நீட்டினா. "யாரு முதல்ல?"

"தம்பி போகட்டும். நான் அடக்கிக்கிறேன்"னா மொச்சை. முதுகுல போன பொண்ணு பேசுற பேச்சைப் பாத்தீங்களா!

தம்பி உக்காந்தான். அப்புறம் மொச்சை. "வருதா?" "வருது... அம்மா, எறும்பு!" "எறும்பு அதுபாட்டுக்குப் போகட்டும்." "அம்மா, அதோட அம்மா எங்க?"

அந்தப் பக்கம் சடசடன்னு ஆயிரம் இறக்கை சத்தம் கேட்டுச்சு. ஈசல் கிளம்பிடுச்சு. வெள்ளையம்மா காது அந்தப் பக்கம் திரும்புச்சு, வயிறு உறுமுச்சு. ஆனா, "சீக்கிரம்"ங்கிற சொல்லு அவ வாயில இருந்து வரவே இல்ல. "உஸ்ஸ்ஸ்..."ன்னு மட்டும்தான் வந்துச்சு.

பாறை ஓரமா நின்னு கொம்பையா எல்லாத்தையும் பாத்தான். புத்துப் பக்கமா திரும்பிப் போனான்.

மண்ணைத் தள்ளி மூடிட்டு, பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு வெள்ளையம்மா வந்தா. எல்லாரும் பாதி வயிறு ரொம்பி நின்னாங்க. அவ இடம் மட்டும் காலியா இருந்துச்சு. ஒரு பக்கம் செவந்தி. இன்னொரு பக்கம் கொம்பையா, ஒரு ஈசலைக்கூடத் தொடாம.

"அக்கா..."ன்னான். க்ர்ர் எல்லாம் காணோம். "உன் இடம்க்கா. ஒருத்தன் வந்து கையை வச்சான். ஒரு முட்டு குடுத்தேன், மரத்து மேல உக்காந்து முதுகைத் தேச்சுக்கிட்டிருக்கான். நீ இல்லாட்டி எல்லார் வாயிலயும் மண்ணு விழுந்திருக்கும். முதல்ல நீ சாப்பிடு."

வெள்ளையம்மா உக்காந்து, ஓட்டைக்கு நேரா உதட்டைக் குவிச்சு, ஸ்ர்ர்ர்ருன்னு உறிஞ்சினா. உறிஞ்சினா உறிஞ்சினா, நட்சத்திரம் வர்ற வரைக்கும் உறிஞ்சினா. நடுவுல செவந்தியோட தலையைத் தடவினா, கொம்பையாவைப் பாத்துச் சிரிச்சா, மொச்சையை நக்கி நக்கி நனைச்சுட்டா. "எனக்குக் காலு இருக்குன்னு காட்டுனவ நீதான்டி."

நாலாம் நாள் மொச்சை பால் குடிச்சிட்டு, "இன்னும்?"னு கேக்காமலே தூங்கிட்டா.

மறுநாள் வெள்ளையம்மா பொண்ணைச் சுமந்துக்கிட்டு முயல் வளைக்குப் போனா. முயலுக்கு ஈசல் ஆகாதே, அதனால பச்சை அருகம்புல்லு ஒரு கத்தை கொண்டு போனா. போற வழியில மூணு இடத்துல நின்னாங்க.

பிள்ளையோட வெளிய கிளம்புறவங்க கல்லையும் சுமக்க வேணாம், வெக்கத்தையும் சுமக்க வேணாம். "வருது"ன்னு வாய்விட்டுச் சொல்ற பிள்ளைக்கும், ஒதுங்க இடம் விடுற மனசுக்கும் நன்றி சொல்லி நின்னு நின்னு போனாலே போய்ச் சேந்துடலாம்.